"அதெல்லாம் தானா நடக்கும்" என்பவர்களுக்கு...

இன்டர்னல் தேர்வு முடிந்து இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. போன மாதம் சென்னையில் ஒரு மென்பொருள் நிரலாளர்கள் மாநாட்டுக்குப் போய் வந்தேன். வகுப்பில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "பி.காம் படிக்கிற உனக்கு அங்க என்னடி வேலை?" அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே கொஞ்சம் கோபமும் உண்டு. சொல்லிவிட்டேன், அப்புறம் நீளமாக இருக்கிறது என்று திட்டக் கூடாது :-)

மாநாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடத்தியவர்கள் நல்லவர்கள். சம்பளம் இல்லாமல் ராப்பகலாக உழைத்தவர்கள். மாணவர்களுக்கு டிக்கெட் விலையைக் குறைத்தவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் தலையிலும், நம் கல்லூரி விழாக்குழுத் தலையிலும், அநேகமாக உங்கள் தலையிலும் உட்கார்ந்திருக்கும் ஒரு நம்பிக்கையின் மேல்தான் கோபம். அந்த நம்பிக்கை இதுதான்: மேடைப் பேச்சுக்குத்தான் ஏற்பாடு வேண்டும், நாலு பேர் கூடிப் பேசுவதற்கு ஏற்பாடு எதற்கு, டீ கொடுத்தால் தானாகப் பேசிக்கொள்வார்கள்.

பேச மாட்டார்கள். அதாவது, எல்லாரும் பேச மாட்டார்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்கள் மட்டும்தான் பேசுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பாவுக்குத் திருக்கோவிலூரில் உரக்கடை. சின்னக் கடைதான். கணக்கு எழுதுவது பிளஸ் டூவிலிருந்தே என் வேலை. கம்ப்யூட்டரில் போடலாம் என்று இரண்டு மூன்று மென்பொருள்களை முயற்சி செய்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டேன். கடனுக்கு விற்றால் "எந்தத் தேதிக்குள் பணம் வரும்" என்று கேட்கும். தேதி போடாமல் அடுத்த பக்கம் போகவே முடியாது. எங்கள் ஊரில் உரம் வாங்கும் விவசாயி தேதி சொல்வாரா? "அறுவடை முடிஞ்சதும் குடுத்துடறேம்மா" என்பார். அறுவடை எப்போது என்பது தென்பெண்ணையில் தண்ணீர் வருவதைப் பொறுத்தது. நான் சும்மா ஒரு தேதி போட்டேன். அது முப்பதாவது நாள் எல்லாரையும் சிவப்பு எழுத்தில் "தவறியவர்கள்" பட்டியலில் காட்டியது. இருபது வருஷமாக அப்பாவிடம் ஒழுங்காக வாங்கிக் கொடுத்துப் பழகினவர்கள் எல்லாம் சிவப்பில். அப்பா ஒரு நாள் பார்த்துவிட்டு, "இத மொதல்ல மூடி வை" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தது. அதில் சிறு வியாபாரிகளுக்குத் தொகுப்பு வரி (அதாங்க, காம்போசிஷன்) என்று ஒரு திட்டம் உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு விற்பனை 1.5 கோடி வரை உள்ளவர்கள் அதில் சேரலாம். சேர்ந்தால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. "டாக்ஸ் இன்வாய்ஸ்" என்று பில் போடக் கூடாது, "பில் ஆஃப் சப்ளை"தான் போட வேண்டும். அதன் தலையில் "தொகுப்பு வரி செலுத்துபவர், வரி வசூலிக்கத் தகுதியற்றவர்" என்ற பொருளில் ஒரு வரி அச்சாக வேண்டும். இது பி.காம் பிள்ளைகளுக்குத் தெரியும், தேர்வில் வரும். ஆனால் நான் முயன்ற ஒரு இலவச மென்பொருளில் பில்லின் தலைப்பை மாற்றவே வழியில்லை. எழுதினவருக்கு அப்படி ஒரு கடைக்காரர் இருப்பதே தெரிந்திருக்காது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. யார் போய்ச் சொன்னார்கள் அவருக்கு?

சரி, நாம் போய்ச் சொல்வோம் என்றுதான் கிளம்பினேன்.

மாநாட்டில் மூன்று அரங்குகளில் உரைகள். ஒரு மூலையில் ஒரு பலகை. "திறந்த அமர்வுகள்: யார் வேண்டுமானாலும் தலைப்பு எழுதி ஒட்டலாம்" என்று போட்டிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். "சின்னக் கடைக் கணக்கு மென்பொருள் - தமிழில் பேசலாம்" என்று எழுதி ஒட்டினேன். மீதி இருந்த ஒரே நேரம் மாலை 5.15. இரண்டாவது மாடியில் ஓர் அறை. சரியான நேரத்துக்குப் போனால் அறைக்குள் ஒரு நிறுவனம் வேலைக்கு ஆள் எடுக்க நேர்காணல் நடத்திக்கொண்டிருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய தன்னார்வலர் தம்பியிடம் கேட்டால், "அக்கா, இது இன்ஃபார்மல் செஷன்தானே, எங்க வேணா நின்னு பேசலாமே" என்றார்.

நின்றோம். நடைபாதையில். என்னையும் சேர்த்து மூன்று பேர்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கும். மற்றவர்களுக்கு: திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோவிலோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை. மழை கொட்டும் ஒரு ராத்திரி பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று எழுந்து இடம் கொடுக்கிறார். பேயாழ்வார் வருகிறார். மூவர் நிற்கலாம் என்று மூன்று பேரும் நிற்கிறார்கள். இருட்டில் நாலாவதாக ஒருவர் வந்து நெருக்குகிறார். யார் என்று பார்க்கப் போய்த்தான் ஆளுக்கு ஒன்றாக மூன்று அந்தாதிகள் பிறந்தன என்பது கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் சொல்ல வருவது வேறு. மாநாடுகளில் அரங்குக்கு வெளியே நடக்கும் பேச்சைத்தான் இன்று "ஹால்வே டிராக்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதாவது இடைகழி! எங்கள் ஊரில் அது எப்போதோ நடந்துவிட்டது :-)

ஆனால் அந்தக் கதையை வைத்துத்தான் "பார், இடைகழியிலேயே நடக்கவில்லையா, தானாக நடக்கும்" என்கிறார்கள். கொஞ்சம் யோசியுங்கள். உள்ளே இருந்தவர் எழுந்து உட்கார்ந்ததால் இரண்டாமவருக்கு இடம். இருவரும் எழுந்து நின்றதால் மூன்றாமவருக்கு இடம். வருகிறவருக்காக உள்ளே இருப்பவர் உடம்பை நகர்த்தினார். அதுதான் ஏற்பாடு. நம் மாநாடுகளில் யாரும் எழுந்திருப்பதில்லை.

நடைபாதைப் பேச்சுக்கு வருகிறேன். வந்த இருவரில் ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன், இன்னொருவர் சென்னையில் சோதனையாளராக இருக்கும் அக்கா. நான் தேதிக் கதையைச் சொன்னேன். அண்ணன் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நாங்க எழுதுற பில்லிங் ப்ரோகிராம்ல அந்த டேட்ட கட்டாயமாக்குனதே நான்தாம்மா" என்றார். காலியாக விட்டால் அறிக்கையில் பிழை வந்ததாம், அதனால் பூட்டிவிட்டாராம். "அறுவடைக்கு அப்புறம்" என்று ஒரு கெடு இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம். அக்கா உடனே, தேதிக்குப் பதில் பருவத்தை வைக்கலாமே, கடைக்காரரே பெயர் வைத்துக்கொள்ளட்டுமே என்றார். இருபத்தைந்து நிமிஷத்தில் நான் மூன்று வருஷமாக முட்டிக்கொண்ட விஷயத்துக்கு வழி பிறந்தது. அன்று காலையிலிருந்து கேட்ட ஒன்பது உரைகளில் ஒன்றுகூட எனக்கு அதைத் தரவில்லை.

ஐந்தே முக்காலுக்கு நான் கிளம்ப வேண்டியதாயிற்று. விழுப்புரத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் ஊருக்கு. நேரமானால் அப்பா பைக்கில் வந்து காத்து நிற்பார். ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த அண்ணன் பெயர் கேட்கவில்லை. அக்காவின் எண் வாங்கவில்லை. யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. மேடையில் பேசின ஒன்பது பேருக்கும் படம், பெயர், காணொளி எல்லாம் இருக்கிறது. எங்கள் பேச்சு நடந்ததற்கு ஒரு தடயமும் கிடையாது. அப்பா இன்னமும் நீளமான நோட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

"முறைசாரா" என்றால் "ஏற்பாடே இல்லாமல்" என்று அர்த்தம் என்பவர்கள் கொஞ்சம் வரலாறு படிக்கட்டும். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1983-ல் சுமார் 250 பேர் வரும் ஒரு மாநாட்டை ஒரு வருஷம் உழைத்து நடத்தினார். முடிந்தபின் பார்த்தால், காபி இடைவேளைதான் மாநாட்டிலேயே உருப்படியாக இருந்தது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வேறு யாராவது என்றால் நொந்து போயிருப்பார்கள். இவர் 1985-ல் அடுத்த முயற்சியாக, மாநாட்டையே காபி இடைவேளை மாதிரி நடத்தினார். அதற்குப் பெயர் "திறந்த வெளி" முறை. அதற்கான யோசனை எங்கிருந்து வந்தது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். முன்பு ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் ஒரு கிராமத்தில், ஊரே வட்டமாகக் கூடி ஒரு சடங்கை நடத்தியதைப் பார்த்திருந்தார். ஆக, கிராமத்தில் கற்றதை நட்சத்திர ஓட்டலுக்குக் கொண்டு போனார். நாம் ஆலமரத்தடியையும் திண்ணையையும் விட்டுவிட்டு நட்சத்திர ஓட்டலிடம் கற்றுக்கொள்கிறோம்.

ஆனால் கவனியுங்கள், ஓவன் சும்மா டீ கொடுத்துவிட்டுப் போகவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். தலைப்பு சொல்பவர் எழுந்து வந்து தன் பெயரோடு எழுதி ஒட்ட வேண்டும். நேரமும் இடமும் குறித்தாக வேண்டும். பேசியதை எழுதித் தர வேண்டும். பிடிக்காவிட்டால் எழுந்து வேறு வட்டத்துக்குப் போகலாம். இத்தனையும் ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத ஏற்பாடு, அவ்வளவுதான்.

இணையத்தின் விதிமுறைகளை எழுதும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் "பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்" கூட்டங்கள் உண்டு. நம் மொழியில் "இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே". புதிதாக ஒரு பணிக்குழு தொடங்கலாமா என்று பேசிப் பார்க்கும் கூட்டம். அதை எப்படி உருப்படியாக நடத்துவது என்று 2009-ல் தனியாக ஓர் ஆவணமே வெளியிட்டார்கள், ஆர்.எஃப்.சி. 5434. என்ன பிரச்சினை என்பதை முன்கூட்டியே எழுதி, பேசித் தெளிந்து, அப்புறம் கூடுங்கள் என்பதுதான் அதன் சாரம். உலகத்துக் கணினிகளையெல்லாம் இணைத்தவர்களுக்கே கூடிப் பேசுவது தானாக நடக்கவில்லை. நமக்கு நடந்துவிடுமாம்!

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2005 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் முதல் பார்கேம்ப் நடந்தது. அழைப்பு வந்தவர்கள் மட்டும் போகக்கூடிய ஓ'ரெய்லி நிறுவனத்தின் ஃபூ கேம்ப்புக்குப் போட்டியாக, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆரம்பித்தது. எட்டே மாதத்தில், 2006 ஏப்ரலில், சென்னை டைடல் பார்க்கில் பார்கேம்ப் நடந்துவிட்டது. 2007 பிப்ரவரியில் அதே இடத்தில் விக்கிகேம்ப், ஜிம்மி வேல்ஸே வந்திருந்தார். அப்போது எனக்குப் பால் பல்லே முளைத்திருக்காது. ஆக, "நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்ற பேச்சு செல்லாது.

அடுத்த பொய்: "மேடை இல்லாத இடத்தில் எல்லாரும் சமம்." ஜோ ஃப்ரீமன் என்ற பெண்ணியவாதி 1970-ல் பேசி, அப்புறம் அச்சான ஒரு புகழ்பெற்ற கட்டுரை உண்டு. அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது, வெளியே சொல்லாத அமைப்பு உள்ள குழுதான் உண்டு என்பது அதன் வாதம். மாநாட்டு டீ மேசையைப் பாருங்கள், புரியும். ஒரே கம்பெனிக்காரர்கள் ஒரு வட்டம். ஒரே கல்லூரிக்காரர்கள் ஒரு வட்டம். ஆங்கிலம் சரளமாக வருபவர்கள் நடுவில். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து வந்த பிள்ளை கையில் சமோசாவோடு சுவரோரம். அவள் பேசாதது அவளுக்கு விஷயம் இல்லாததால் இல்லை. அந்த வட்டத்தில் நுழைய எங்கே கதவு இருக்கிறது என்று தெரியாததால். பலகையும் தலைப்பும் நேரமும்தான் அந்தக் கதவு. "தானா நடக்கும்" என்று சொல்லி அந்தக் கதவை நீங்கள் மூடுகிறீர்கள்.

மூன்றாவது, குழு விவாதம் என்ற பெயரில் நடக்கும் கூத்து. மேடையில் ஐந்து பேர், ஐந்து மைக், கீழே முந்நூறு பேர். கடைசியில் "இரண்டு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது." அதைக் கலந்துரையாடல் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டுவிட்டால் கடமை முடிந்ததாம். பட்டிமன்றத்துக்காவது நடுவர் தீர்ப்பு என்று ஒரு சுவாரசியம் இருக்கும்.

"சும்மா குறை சொல்லாதே, நீ நடத்திப் பார்" என்பீர்கள். நடத்திப் பார்த்தேன். சொதப்பினேன். சென்னையிலிருந்து வந்த வேகத்தில் எங்கள் துறையில் "கடைக் கணக்கு - கூடிப் பேசுவோம்" என்று ஒரு மதியம் கேட்டு வாங்கினேன். நாற்பது பேர் வந்தார்கள். முன்வரிசையில் பேராசிரியர்கள். நான் கரும்பலகை முன்னால் நின்று, "யார் வேணா பேசலாம்" என்றேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நானே முக்கால் மணி நேரம் பேசி முடித்தேன். அதாவது யாரை எதிர்த்து இந்தக் கட்டுரை எழுதுகிறேனோ, அவர்கள் செய்ததையேதான் நானும் செய்தேன். தானாக நடக்கும் என்று நம்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும். இந்த முறை பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டோம். ஆறு ஆறு பேராகப் பிரித்தோம். முதல் மூன்று நிமிஷம் யாரும் பேசக் கூடாது, உங்கள் வீட்டுக் கடையிலோ தெரிந்த கடையிலோ கணக்கில் நடந்த ஒரு சிக்கலைத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள் என்றோம். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் எழுத்தர். பேராசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்டு அவர்களும் வெவ்வேறு பெஞ்சில் ஒருவராக உட்கார்ந்தார்கள். இருபத்தெட்டுச் சீட்டு வந்தது. வகுப்பில் மூன்று வருஷமாகக் குரலே கேட்காத ஒருத்தி, அவள் அம்மா சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுபவர் என்றும், வட்டியைச் சரிபார்க்க மாதம் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை என்றும் எழுதியிருந்தாள். அந்தச் சீட்டு இப்போது என் நோட்டுக்குள் இருக்கிறது. சென்னையில் நடைபாதையில் பேசியது காற்றில் போய்விட்டது. இது போகவில்லை. வித்தியாசம் நாற்பது துண்டுச் சீட்டும் ஒரு பேனாவும்தான்.

ஆகவே மாநாடு நடத்தும் அண்ணன்களே, அக்காக்களே, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை:

1. கலந்துரையாடலுக்கு நடுப்பகலில் நேரம் கொடுங்கள். உரைகளெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் மாலை, வெளியூர்க்காரர்களுக்கும் பெண்களுக்கும் பாதி நாள் இல்லாத நேரம்.

2. அறை என்று சொன்னால் அறை. விளம்பரதாரர் கேட்டாலும் பிடுங்காதீர்கள். 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்த டெபியன் மாநாட்டில் இப்படிப்பட்ட கூட்டங்களும் உரைகளைப் போலவே அட்டவணையில் நேரமும் அறையும் பெற்றிருந்தன. நம்மாலும் முடியும்.

3. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எழுத்தர். அரைப் பக்கம் போதும். யார் வந்தார்கள், என்ன முடிவு, அடுத்து யார் என்ன செய்வது.

4. பலகையின் மேலேயே "தமிழிலும் பேசலாம்" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் கூடாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

5. நிரல் எழுதத் தெரியாதவர்களைக் கூப்பிடுங்கள். கடைக்காரர், கணக்கர், நர்ஸ், பஞ்சாயத்து எழுத்தர். வெள்ளாடு தன்னோடே கூடிக்கொண்டே இருந்தால் புல் எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது?

"இப்படி விதி போட்டால் இயல்பு போய்விடும்" என்று ஓர் எதிர்வாதம் வரும். யாருடைய இயல்பு? எனக்குத் தெரியாத முப்பது பேர் முன்னால் போய் "நானும் பேசலாமா" என்று கேட்பது என் இயல்பு இல்லை. சீட்டில் எழுதுவது என் இயல்பு. மிகை ஏற்பாடும் கெடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை என்று போனால் பேச நேரமே இருக்காது. நான் கேட்பது விழா இல்லை. ஒரு வட்டம், ஒரு தலைப்பு, ஒரு எழுத்தர், ஒரு கதவு.

பெங்களூர் அண்ணா, சென்னை அக்கா, தற்செயலாக இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தேதிக்குப் பதில் பருவம் என்று பேசினோமே, அதை நான் முழுசாக எழுதி வைத்திருக்கிறேன். சம்பா அறுவடைக்குள் முடிந்தால் அப்பாவிடம் இன்னொரு தடவை கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்வேன்.

பி.கு: "பி.காம் படிக்கிற உனக்கு அங்க என்னடி வேலை" என்று கேட்ட தோழி, இரண்டாவது கூட்டத்தில் எங்கள் பெஞ்சுக்கு எழுத்தராக இருந்தாள். கையெழுத்து கோழி கிறுக்கினது மாதிரி இருந்தது. பரவாயில்லை, மன்னித்தாயிற்று :-)